ஊருக்கு வரும் பழைய நண்பரோடு மலையும் கடலும்: கொல்லிமலையிலிருந்து கோடியக்கரை வரை முழு வழிகாட்டி

பல வருடம் கழித்துப் பழைய நண்பர் ஊருக்கு வருகிறார், கையில் ஒரு வாரம் லீவு இருக்கிறது, "மலையும் பார்க்கணும், கடலும் பார்க்கணும்" என்கிறார். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிற நம்மிடம் யாராவது இப்படிக் கேட்டால் உடனே வாயில் வருவது கொடைக்கானல், அப்புறம் வேளாங்கண்ணி. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், சீசனில் மலையடிவாரத்திலிருந்தே வண்டி வரிசை, போய்த் திரும்புவதற்குள் மூன்று நாள் காலி. இதைவிடப் பொருத்தமான ஒரு வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லிமலையில் தொடங்கி, காவிரி பிரிகிற முக்கொம்பு, கல்லணை வழியாகக் கீழே இறங்கி, பூம்புகாரில் கடலைத் தொட்டு, அங்கிருந்து கரையோரமாகவே தெற்கே கோடியக்கரை வரை போவது. ஏழெட்டு நாள் இருந்தால் நிதானமாக முடியும். நான்கே நாள் என்றால் எதை விடலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

மலை முதலில், கடல் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று எங்கிருந்து வந்தாலும் நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் திருச்சியில்தான் இறங்குகிறார்கள், அங்கிருந்து மலை பக்கம். உடம்பில் தெம்பு இருக்கும்போது படி ஏறிவிடலாம். அதற்குப் பிறகு நாளாக நாளாகச் சாலை சமதளமாகிக்கொண்டே போகும், பேச்சும் நீண்டுகொண்டே போகும். கடலில் தொடங்கி மலையில் முடித்தால் கடைசி நாள் எழுபது வளைவு இறங்கி நேராக ஏர்போர்ட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். வழியனுப்புகிற நாளில் அந்த ஓட்டம் வேண்டாம்.

முதல் வேலை: தேதியைப் பிடிப்பது

டிக்கெட் போடுவதற்கு முன்பே நண்பரிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் டெல்டாவில் மாதம் தவறினால் மொத்தப் பயணமும் தவறிவிடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மலையில் மண் சரியும், அருவிக்கு விடமாட்டார்கள், கரையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பது நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் வருகிறேன் என்றால் கோயில், வீடு, சாப்பாடு என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது தை பிற்பாதியும் மாசியும். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, வழியெல்லாம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், கோடியக்கரையில் வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. ஆனால் காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு கிளம்புங்கள், அன்றைக்குப் பூம்புகார்க் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது.

இரண்டாவது தேர்வு ஆடி, ஆவணி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் ஓடும், ஆற்றோடு போகிற பயணம் என்பதற்கு அப்போதுதான் முழு அர்த்தம். ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க ஆசை என்றால் சரி, அமைதி வேண்டும் என்றால் ஒரு வாரம் தள்ளிப் போங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்த நாட்களில் நாகைச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், அறை கிடைக்காது.

பிள்ளைகளின் லீவுக்காகச் சித்திரை, வைகாசியில்தான் வர முடியும் என்பவர்கள் நிறைய. அப்படியானால் மலையில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குங்கள், பலாப்பழக் காலம் வேறு. கடற்கரையை விடிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், பெரிய மீன் குறைவு, விலையும் எகிறும். வஞ்சிரம் சாப்பிடும் கனவோடு வருகிற நண்பரிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது: வண்டி, காசு, உடம்பு

மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பழைய நட்பு என்பதால் காசு விஷயத்தை யாரும் வாயைத் திறந்து பேச மாட்டோம், அதுதான் பின்னால் நெருடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் எல்லாச் செலவையும் தானே செய்யப் பார்ப்பார், நாமோ "நம்ம ஊருக்கு வந்தவன் செலவு பண்றதா" என்று பர்ஸைப் பிடுங்குவோம். வண்டிச் செலவு ஒருவர், தங்குமிடம் ஒருவர், சாப்பாட்டுக்கு ஒரு பொதுப் பை என்று முதல் நாள் காபி குடிக்கும்போதே பிரித்துக்கொண்டால் அப்புறம் அந்தப் பேச்சே வராது.

வண்டி என்றால் டிரைவரோடு வாடகைக் கார் எடுப்பதுதான் என் யோசனை. சொந்தக் கார் இருந்தாலும்கூட மலைக்கு மட்டுமாவது டிரைவர் வையுங்கள், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நண்பரோடு பேசுவது யார்? கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, மலைக்குத் தனிச் சார்ஜ் உண்டா, ராத்திரி டிரைவர் எங்கே தங்குவார் என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேளுங்கள். "கொல்லிமலை ஏறியிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டு, ஏறியவரையே எடுங்கள். வேறு தேசத்தில் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய நண்பர் ஆசையாகச் சாவி கேட்டால் கல்லணைக் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் கொடுங்கள், கொண்டை ஊசி வளைவில் வேண்டாம்.

உடம்பைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். நம் நினைவில் இருப்பது பள்ளிக்கூடத்தில் நம்மோடு ஓடின பையன், வந்து இறங்குபவருக்கு முட்டி வலி, சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது இருக்கலாம். வாட்ஸ்அப்பில் நேரடியாக, "ஆயிரம் படி ஏறி இறங்கணும், முடியுமாடா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் எந்த மலை என்று முடிவு செய்யணும்.

மூன்றாவது: எந்த மலை

டெல்டாவில் மலை கிடையாது. சுவாமிமலையே கட்டுமலைதான், அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது படி. தஞ்சாவூரிலிருந்து கடல் வரை நிலம் இழுத்து விரித்த பாய் மாதிரி கிடக்கிறது. அதனால் நம் ஆட்களுக்கு மலை என்றாலே ஒரு தனி ஆசை. திருச்சியிலிருந்து எட்டுகிற தூரத்தில் மூன்று இருக்கின்றன.

கொல்லிமலைதான் என் முதல் தேர்வு. நாமக்கல் மாவட்டம், மேலே 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி, கொடைக்கானல் போலக் கடைவீதியும் டூரிஸ்ட் கூச்சலும் மலையை இன்னும் மூடிவிடவில்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காபி, அன்னாசி, பலா, மேட்டில் சாமையும் கேழ்வரகும் என்று விவசாயம் நடக்கிற மலை. வயல்காட்டில் பிறந்த நமக்கு அங்கே பேச விஷயம் இருக்கிறது.

முட்டி வலி உள்ளவர் என்றால் பச்சைமலை. திருச்சி மாவட்டத்திலேயே, துறையூருக்கு அந்தப் பக்கம், சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏற வேண்டும். உயரம் குறைவு, வளைவும் குறைவு, கூட்டம் அதைவிடக் குறைவு. மங்களம் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள், மழை பெய்யாத மாதங்களில் பாறை மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது சிறுமலை, திண்டுக்கல் பக்கம், 18 வளைவு. மலை வாழைப்பழத்துக்குப் பேர் போன இடம். போனால் நல்லதுதான், ஆனால் நம் ஆற்று வழியிலிருந்து விலகிப்போகிறது.

ஏறவே வேண்டாம், ஆனால் கல்லும் பாறையும் பார்க்கணும் என்பவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் போதும். நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம், சித்தன்னவாசலில் சமணர் படுக்கையும் குகை ஓவியமும். தஞ்சாவூரிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

நான்காவது: கொல்லிமலை, இரண்டு நாள்

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே மலை ஏறாதீர்கள். அன்றைக்குத் திருச்சியில் தூங்கட்டும். மாலையில் தெம்பிருந்தால் மலைக்கோட்டை ஏறலாம், நானூறு படிக்கு மேல் இருக்கிறது. உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் காவிரி, அதற்கு அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். மறுநாளிலிருந்து நாம் போகப்போகிற பாதையை அங்கேயே நின்று கை நீட்டிக் காட்டிவிடலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். காவிரியின் வடகரையை ஒட்டி வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் போகிற சாலை, அதனால் தூக்கம் வராது. நாமக்கல்லில் டிபனும் பெட்ரோலும் முடித்துவிடுங்கள். டிபன் அளவாக இருக்கட்டும், இரண்டு மூன்று இட்லி போதும். வெறும் வயிற்றோடு ஏறினாலும் வாந்தி வரும், பொங்கலும் வடையும் அடைத்துக்கொண்டு ஏறினாலும் வரும். வாந்தி வருகிற உடம்பு உள்ளவரை முன் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, போனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், இருபதாவது வளைவில் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்க வேண்டும், இறங்கும்போது ஏறின அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு எழுபது வளைவும் இறங்கினால் பிரேக் சூடாகிக் கடைசியில் பிடிக்காது. இதைத் தெரிந்த டிரைவர் என்றால் நாம் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இருட்டிய பிறகு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தான் என்று புறநானூறு பாடுகிற ஆள். தமிழ் வாத்தியாரிடம் சேர்ந்து அடி வாங்கின நண்பர்கள் என்றால் இங்கேயே அரை மணி நேரம் போய்விடும்.

ஆகாய கங்கைதான் முக்கியம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து படி இறங்குகிறது, ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போதுதான் தெரியும், அதனால் இறங்குகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் இதை முடித்துவிடுங்கள், மதியத்துக்குமேல் இறங்க ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் கடலை மிட்டாயும் போதும், கை இரண்டும் காலியாக இருக்கணும், பிடி உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மழை நாளில் படியில் பாசி பிடித்திருக்கும். கீழே போனால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, காற்றடித்தால் தூரத்தில் நிற்பவரும் நனைந்துவிடுவார். நண்பருக்கு மூச்சு வாங்கினால் "வா வா" என்று இழுக்காதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார இடம் பார்த்து உட்காருங்கள். அப்படி உட்காரும்போதுதான் வீட்டு விஷயம், பிள்ளைகள் விஷயம், யாரிடமும் சொல்லாத விஷயம் எல்லாம் வெளியே வரும்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நண்பரிடம் கேளுங்கள். அய்யாறாக இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாக ஓடி, கடைசியில் காவிரியில் சேர்கிறது. நாம் அடுத்த நாட்களில் போகப்போவதும் அதே திசைதான்.

படி முடியாதவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது, நடை குறைவு. சாயங்காலம் சீக்குப்பாறையில் நின்றால் சமவெளி முழுக்கத் தெரியும். ராத்திரி தங்குவதற்கு அறையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சனி ஞாயிறு தவிர்த்தால் விலையும் குறையும், சத்தமும் குறையும். ஸ்வெட்டர் ஒன்று அவசியம், தை மாசியில் நம் உடம்புக்கு அந்தக் குளிர் நிஜமான குளிர். காலையில் கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கேளுங்கள், மிளகு தட்டிப் போட்டுச் சுடச்சுடக் கொடுப்பார்கள், படி ஏறின காலுக்கு இதமாக இருக்கும். சோளக்காட்டில் மிளகும் தேனும் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குள் இறங்க ஆரம்பித்துவிடுங்கள்.

ஐந்தாவது: ஆற்றோடு இறங்குவது

இந்த நாளைப் பலரும் வெறும் பயண நாள் என்று நினைத்து பைபாஸில் ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்த நாள். முதலில் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தப் பழைய அணையின் மதகுகள் சில அடித்துக்கொண்டு போய், பிறகு பக்கத்தில் புதுக் கதவணை கட்டினார்கள். அடுத்து கல்லணை. கரிகாலன் பெயரில் நாம் படித்தது எல்லாம் இங்கேதான் நிற்கிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரிக்கிற இடம், கல்லணைக் கால்வாய் மட்டும் 1934-ல் வந்தது. நண்பரின் ஊர் எந்த வாய்க்காலில் பாசனம் பெறுகிறதோ அந்தத் தண்ணீர் எந்த மதகு வழியாகப் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கி ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ராத்திரி கும்பகோணத்திலோ உங்கள் வீட்டிலோ.

மறுநாள் எங்கேயும் போகாதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், இந்த ஓய்வு நாளைத் திட்டத்திலிருந்து வெட்டாதீர்கள். பழைய நண்பர் நம்மைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், அருவியும் கோட்டையும் அதற்குப் பிறகுதான். படித்த பள்ளிக்கூடம், முடிந்தால் உயிரோடு இருக்கிற வாத்தியார் ஒருவர், குளித்த குளம், அவர்கள் குடியிருந்த வீடு இப்போது யார் கையில் இருக்கிறதோ அந்தத் தெரு, இதற்கு ஒரு அரை நாள். மிச்ச அரை நாள் வீட்டுத் திண்ணை. உங்கள் அம்மாவை அத்தை, பெரியம்மா என்று எப்படிக் கூப்பிட்டுப் பழகினாரோ அப்படியே கூப்பிட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலில் போய் நிற்பார், விட்டுவிடுங்கள். துணியும் அன்றைக்குத் துவைத்துக் காய்ந்துவிடும்.

ஆறாவது: கடல், பூம்புகாரிலிருந்து தெற்கே

கடலுக்குப் போவதற்கு முன் ஒரு கண்டிப்பான விஷயம். நம் கரை குளிக்கிற கரை இல்லை. அலை சின்னதாகத் தெரிந்தாலும் காலுக்குக் கீழே நீரோட்டம் இழுக்கும், முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்றைக்குத் தலைக்கு மேல் இருக்கும். நண்பருக்கு நீச்சல் தெரியும், நமக்குக் குளத்தில் நீந்தத் தெரியும் என்பதெல்லாம் இங்கே செல்லாது. முட்டியளவு தண்ணீரோடு நில்லுங்கள், கரையில் வலை பார்த்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் "இந்த இடத்துல கால் நனைக்கலாமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள், குடித்திருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். சுனாமிக்குப் பிறகு போட்ட கருங்கல் தடுப்பின்மேல் செல்பி எடுக்க ஏறுவதும் ஆபத்து, வழுக்கிக் கால் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

காலையில் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். வழியில் மேலையூர் கதவணையில் வண்டியை நிறுத்துங்கள், காவிரிக்கு அதுதான் கடைசிக் கதவணை. அதைத் தாண்டிக் கடலில் சேரும்போது ஆறு ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் இருக்கும். குடகிலிருந்து வருகிற ஆறு இவ்வளவுதானா என்று நண்பருக்குத் திக்கென்று இருக்கும். பாதித் தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது, வெள்ளம் எல்லாம் கொள்ளிடத்தில் போய்விட்டது, முப்போகம் விளைந்தது இப்படித்தான் என்று அந்த இடத்தில் சொன்னால் சட்டென்று புரியும். 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் கடற்கரையிலேயே இருக்கிறது. நேரமிருந்தால் பல்லவனேஸ்வரத்தில் தோண்டியெடுத்த புத்த விகாரையின் அடித்தளத்தையும் பாருங்கள், அங்கே பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து தெற்கே அரை மணி நேரம் போனால் தரங்கம்பாடி, அன்றைய ராத்திரி அங்கேதான். இந்தக் கரையில் ஒரே ஒரு ஊரில்தான் தங்க முடியும் என்றால் இதில் தங்குங்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். அவர் 1718-ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவரை அடக்கமும் செய்திருக்கிறார்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. சாயங்காலம் ராஜ வீதியில் வண்டி இல்லாமல் நடந்தே சுற்றுங்கள். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தால் சூரியன் நேரே எதிரில் ஏறும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, எந்த நாள் என்று அறை போடும்போதே விசாரியுங்கள். முகூர்த்த நாள் என்றால் பக்கத்துத் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சுற்றுவட்டார லாட்ஜ் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள், அதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காரைக்கால் வழியாக நாகூர், நாகப்பட்டினம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, மது விலை குறைவு என்று நண்பர் பாட்டில் வாங்கி வண்டியில் போடப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், எல்லையில் சோதனை இருக்கிறது, மாட்டினால் வண்டியும் போகும் நாளும் போகும். நாகூர் தர்காவில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா இருக்கிறது. வெளியே வந்தால் இறால் வைத்த வாடா சூடாகக் கிடைக்கும், அதைச் சாப்பிடாமல் வரக்கூடாது. வேளாங்கண்ணி வேண்டுதல் இருந்தால் போங்கள், கடற்கரைக்காக மட்டும் என்றால் தாண்டிப் போய்விடலாம்.

டிசம்பர் 26-ல் இந்தப் பக்கம் இருக்க நேர்ந்தால் பாட்டும் கூத்துமாகக் கடற்கரைக்குப் போகாதீர்கள். 2004 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மக்கள் அன்றைக்குக் கடலுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நண்பரோடு போய் ஓரமாக நின்றுவிட்டு வாருங்கள்.

ராத்திரி வேதாரண்யம். அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்து கிளம்பி, மாதக் கடைசியில் இங்கே உப்பு அள்ளினார். காரில் வந்த நாமே களைத்திருப்போம், சித்திரை வெயிலில் நடந்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஏழாவது: கோடியக்கரையும் முத்துப்பேட்டையும்

கோடியக்கரைக்கு விடிந்ததும் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் வெளிமான்கள் நிழலுக்குள் போய்விடும். 1967-ல் அறிவித்த சரணாலயம், வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே மெதுவாக ஓட்டுங்கள், பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு கருப்பு ஆண் மான் நிமிர்ந்து பார்க்கும், பக்கத்திலேயே காட்டுக் குதிரைகள் மேயும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள், போட்டால் அப்புறம் பையைப் பிடுங்கும். பூநாரைகளைப் பார்க்க உப்பளங்களை ஒட்டிய சதுப்புப் பக்கம் போக வேண்டும், தூரத்தில்தான் நிற்கும், பைனாகுலர் ஒன்று யாரிடமாவது இரவல் வாங்கி வந்தால் நாள் முழுக்கப் பயன்படும். ஆள் கூட்டிக்கொண்டு போவது நல்லது, தண்ணீர் எங்கே நிற்கிறது, பறவை எங்கே இறங்கியிருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். கரை இங்கே திரும்புகிறது, கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. திரும்பிய பிறகு கடல் ஏரி போல அடங்கிக் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மறுநாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஜாம்புவானோடையிலிருந்து படகில் கோரையாறு வழியாகப் போய் லகூனுக்குள் நுழைய வேண்டும். இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் ஓரிரு நாள் முன்பே பேசிவிடுங்கள், நேராகப் போய் நின்றால் படகு இல்லை என்று சொல்லிவிடலாம். காலை ஏழு மணிக்குப் படகு ஏறினால் காற்று ஏறுவதற்குள் திரும்பலாம். குடிதண்ணீர், தொப்பி, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் கரையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்றும் கிடையாது. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்கள், கரையோரம் நண்டு, தலைக்கு மேல் கொக்கும் நாரையும். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தும்போது நாமும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஆற்றின் கடைசிச் சேறு இது, கொல்லிமலையில் பார்த்த தண்ணீரும் இதற்குள் கொஞ்சம் இருக்கும்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கட்டடம், பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகிறவர்களுக்குச் சௌகரியம்.

நாள் குறைவாக இருந்தால்

நான்கே நாள் என்றால் கொல்லிமலைக்கு இரண்டு, தரங்கம்பாடிக்கு ஒன்று, வீட்டில் ஒன்று. கல்லணையைப் போகிற வழியில் பார்த்துவிடலாம். கோடியக்கரையை அடுத்த முறைக்கு வையுங்கள், அரை நாளில் ஓடிப் பார்த்தால் மானும் தெரியாது பறவையும் தெரியாது. மூன்று நாள்தான் என்றால் மலையை விட்டுவிட்டு கடலும் வீடும் மட்டும். கார் வசதி இல்லாதவர்களுக்குப் பஸ்ஸிலும் இது முடியும், எல்லா ஊருக்கும் பஸ் இருக்கிறது, 2023-லிருந்து திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு ரயிலும் திரும்ப ஓடுகிறது, ஆனால் ஒரு நாளுக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள்

விமானம் ராத்திரி என்றாலும் காலையிலேயே திருச்சிக்கு வந்துவிடுங்கள். முத்துப்பேட்டையிலிருந்து நேராக ஏர்போர்ட் என்று திட்டம் போட்டால் வழியில் ஒரு ரயில்வே கேட் போதும், எல்லாம் கெட்டுவிடும். பெட்டியில் மிளகு போகும், தேன் கசியாமல் கட்டினால் செக்-இன் பெட்டியில் போகும், கைப்பையில் போகாது. கருவாடு கேட்பார், கட்டாயம் கேட்பார். நாகப்பட்டினத்தில் வாங்கும்போதே நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, செய்தித்தாள், அதன்மேல் பாலித்தீன், அதன்மேல் டேப் என்று மூன்று சுற்றுக் கட்டுங்கள். மீனும் தேனும் உள்ளே கொண்டுபோக அவர் போகிற நாட்டில் அனுமதி உண்டா என்பதை அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லை என்றால் அந்தக் கருவாட்டை வீட்டில் வைத்து, போவதற்கு முன் மதியச் சாப்பாட்டில் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிடுங்கள்.